ஐந்து கியர் அர்ச்சுனனும் ஆடாத மாமனாரும்

பாப்பாரப்பட்டியில் அர்ச்சுனன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். டிஜே அர்ச்சுனன் என்று கேட்டால் நேராக என்னிடம் அனுப்புவார்கள். அவன் போனை எடுக்கவே மாட்டான், நான்தான் எடுப்பேன். என் பெயர் கோவிந்தன். ஒயர் இழுப்பது, ஸ்பீக்கர் ஏற்றுவது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, அவன் செய்யும் கோளாறுக்கெல்லாம் மண்டபத்து மேனேஜரிடம் திட்டு வாங்குவது, எல்லாம் என் இலாகா. எட்டு வருசத்துக்கு முன்பு வரை அவன் மினிபஸ் டிரைவர், நான் அதே வண்டியில் கண்டக்டர். அப்போதும் திட்டு வாங்கியது நான்தான்.

பாப்பாரப்பட்டியிலிருந்து ஏரியூர் போகிற வண்டி அது. அர்ச்சுனன் நல்ல டிரைவர். குடிக்க மாட்டான், யாரையும் வைய மாட்டான். ஆனால் அவன் காலில் ஒரு கோளாறு இருந்தது. வண்டிக்குள் எந்தப் பாட்டு ஓடுகிறதோ, அந்தப் பாட்டின் வேகத்துக்குத்தான் அவன் கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். சோகப் பாட்டு வந்தால் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். குத்துப் பாட்டு வந்தால், நிறுத்தத்தில் கை காட்டியவர்கள் காட்டிய கையோடு நின்றுவிடுவார்கள். விசில் ஊதி ஊதி எனக்குக் கன்னம் வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு நாள் காலை வரிசையாக ஆறு குத்துப் பாட்டு வந்துவிட்டது. எட்டே முக்காலுக்குச் சேர வேண்டிய ஏரியூருக்கு எட்டு இருபதுக்கே போய் நின்றோம். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும், வழியில் இறங்கப் பயந்து உட்கார்ந்திருந்த ஒரு கோழி வியாபாரியும் மட்டும்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாத்தியார்கள், தக்காளிக் கூடைக்காரர்கள் எல்லாரும் வழி நெடுக நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீ பஸ் ஓட்ட வரலப்பா, பாட்டு கேக்க வர்ற. அதையே தனியா வச்சிப் பொழச்சிக்கோ" என்று அனுப்பிவிட்டார்.

என்னை எதற்காக அனுப்பினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அர்ச்சுனன் அந்த வசவை அப்படியே புத்திமதியாக எடுத்துக்கொண்டான். பெங்களூருக்குப் போய், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற டிஜே மெஷின் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டு வட்டத் தட்டு, நடுவில் பத்து இருபது குமிழ், பக்கத்தில் ஒரு லேப்டாப். வேகத்தைக் கூட்டினாலும் பாடுகிறவர் குரல் மாறாமல் பார்த்துக்கொள்ள அதில் ஒரு பட்டன் உண்டாம். எங்கள் மெஷினில் அந்தப் பட்டன் செத்துப் போயிருந்தது. அதனால் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் வேகத்தைக் கூட்டினால் பாடகர் குரல் அணில் குரலாகிவிடும். குறைத்தால், அவருக்கே ஜலதோசம் பிடித்த மாதிரி இருக்கும். ஆறு பங்கு என்பதுதான் எங்கள் எல்லை. அதற்குள்தான் பிழைப்பு.

மற்ற டிஜேக்கள் பாட்டுகளைப் படம் வாரியாகவோ வருசம் வாரியாகவோ அடுக்கி வைப்பார்கள். இவன் டிரைவர் அல்லவா, கியர் வாரியாக அடுக்கினான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருப்பான். ஒரு நிமிசத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்பதுதான் கணக்கு. அறுபதிலிருந்து எண்பது வரை முதல் கியர்: சாமி பாட்டு, தாலாட்டு, பெரியவர்கள் வந்து உட்காரும் நேரம். எண்பதிலிருந்து நூறு வரை இரண்டாவது: காதல் பாட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும் நேரம். நூற்றிலிருந்து நூற்றுப் பதினைந்து வரை மூன்றாவது: ஓசூர் தாண்டி வரும் கன்னடச் சொந்தக்காரர்களுக்கு உகந்தது. நூற்று இருபத்தைந்துக்கு மேல் நான்காவது: மாப்பிள்ளையின் ஐடி நண்பர்கள் கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற இங்கிலீஷ் சமாசாரம். நூற்று நாற்பதுக்கு மேல் ஐந்தாவது: நம்ம ஊர்க் குத்து. இதற்கு ஆள் சொல்ல வேண்டியதில்லை, சமையல்காரர்கள்கூட கரண்டியோடு வந்துவிடுவார்கள்.

"ரெண்டுல இருந்து நேரா அஞ்சுக்குப் போனா கியர் பாக்ஸ் ஒடஞ்சிரும் கோவிந்தா. ஆளுங்களும் அப்பிடித்தான்" என்பான்.

இது வெறும் பேச்சில்லை. தருமபுரியில் ஒரு கல்யாணத்தில், நண்பர்கள் தொல்லை தாங்காமல், தொண்ணூற்றில் ஓடிய காதல் பாட்டிலிருந்து ஒரே தாவலாக நூற்று ஐம்பதுக்குப் போனான். மெதுவாக அசைந்துகொண்டிருந்த பெண்ணின் தாய்மாமனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவரை நாற்காலியோடு தூக்கிப் போய்த்தான் சாப்பிட வைத்தார்கள். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு கியராகத்தான் போவான். நடுவில் இடைவெளி வந்தால், பாட்டே இல்லாத வெறும் மேளச் சத்தத்தைப் போட்டு, அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அடுத்த கியரைத் தொடுவான். மேளத்துக்குக் குரல் இல்லை, அணிலாகும் பயமும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவனுக்குப் போன வருசம் ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே நர்ஸ் தேவிப்பிரியா அவன் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

"நூத்திப் பதினெட்டு" என்றாள்.

"நூத்திப் பதினாலா இருந்திருந்தா ஒரு கன்னடப் பாட்டோட சேத்துருக்கலாங்க" என்றான் இவன், கண்ணை மூடியபடி.

அவள் சீட்டில் 'பிதற்றல் உள்ளது' என்று எழுதி டாக்டரிடம் அனுப்பினாள். காய்ச்சல் விட்ட பிறகும் இவன் அதே பேச்சைப் பேசியதால், விசாரித்து விசயத்தைத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு இவனுக்கு வாராவாரம் ஏதாவது ஒரு நோவு வந்தது. தலைவலி, கால்வலி, காது அடைப்பு. ஐந்தாவது வாரம் எந்த நோவும் ஞாபகத்துக்கு வராமல், "ஒண்ணும் இல்லீங்க. சும்மா எண்ணிப் பாருங்க" என்று கையை நீட்டினான். அவள் சிரித்துவிட்டு எண்ணினாள். பின்னால் வரிசையில் நின்ற கிழவி, "அவனுக்கு ஒண்ணுமில்லைன்னா எனக்குப் பாரு கண்ணு" என்று கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இருவருக்கும் பொருத்தம் எங்கே அமைந்தது என்றால், இந்த எண்ணுகிற விசயத்தில்தான். எங்கள் லேப்டாப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நூற்று ஐம்பது அடி ஓடும் பாட்டை எழுபத்தைந்து என்று பாதியாகக் காட்டும். அதை நம்பி முதல் கியர் வரிசையில் போட்டு, பெரியவர்கள் பூ வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குத்துப் பாட்டு வந்து விழுந்ததெல்லாம் உண்டு. தேவிப்பிரியா ஸ்பீக்கர் மேல் இரண்டு விரலை வைத்து, பதினைந்து நொடி எண்ணி, நாலால் பெருக்கிச் சொல்வாள். ஒரு நாளும் தப்பியதில்லை. அர்ச்சுனனின் நோட்டு முழுக்க இப்போது அவள் கையெழுத்து. அவனுக்கு அவள் மேல் அப்படி ஒரு ஆசை. அவளுக்கும்தான். முப்பத்தைந்து வயதில் இவனுக்கு இப்படி ஒரு பெண் அமைந்ததில் எனக்குச் சந்தோசம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

சிக்கல் அவள் அப்பா. ஏரியூர் ராஜப்பன், ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். அறுபத்திரண்டு வயது. கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை வரிசையாக விடாவிட்டால் வெளியே போய் மறுபடி விட்டு வர வேண்டும். பெண் கேட்கப் போனபோது நான் இரண்டு தடவை போய் விட்டு வந்தேன்.

"டிஜேன்னா என்னா வேலை?" என்று கேட்டார்.

"ஆளுங்கள ஆட வெக்கறதுங்க சார்" என்றான் அர்ச்சுனன்.

"எல்லாரையுமா?"

"ஆமாங்க சார்."

அந்த 'ஆமாங்க'வில்தான் மாட்டிக்கொண்டான். ராஜப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நா பொறந்ததுல இருந்து ஆடுனதில்ல. என் கல்யாணத்துல ஆடல, எம் பொண்ணு பொறந்தப்ப ஆடல, ஆண்டு விழாவுல கலெக்டர் கூப்புட்டப்பக்கூட ஆடல. வர்ற தை மாசம் எங்க அக்கா ராமக்கா மவன் தமிழ்ச்செல்வனுக்கு வரவேற்பு. நீதான் பாட்டு போடற. என்னைய ஆட வச்சிட்டீனா பொண்ணு உனக்கு. முடியலன்னா, இந்தப் பக்கமே வரக் கூடாது. யாரும் என் கையப் புடிச்சி இழுக்கக் கூடாது. பாட்டுக்குத்தான் நா எந்திரிக்கணும். சரியா?"

இந்தத் தமிழ்ச்செல்வன் தேவிப்பிரியாவுக்கு முறைப்பையன். அவன் பெங்களூரில் கூட வேலை பார்த்த ஆனேக்கல் கன்னடப் பெண்ணை விரும்பிக் கட்டிக்கொள்கிறான். இல்லாவிட்டால் எங்கள் அர்ச்சுனன் அந்த வீட்டுக்குள் கால் வைத்திருக்கவே முடியாது. அந்த வகையில் ஆனேக்கலுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

அன்று சாயங்காலம் தேவிப்பிரியா போன் செய்தாள். நான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா ஆட மாட்டாருங்க. ஆனா நடப்பாரு. வெடியக்காலம் அஞ்சு மணிக்கு அவரு வாக்கிங் போறத ஒரு வாரமா எண்ணிப் பாத்துட்டேன். நிமிசத்துக்கு நூத்தி இருவது அடி. மேலயும் போறதில்ல, கீழயும் எறங்கறதில்ல. அணிவகுப்பு வேகம். முப்பது வருசம் அதுலயே பழகுன காலு. நூத்தி இருவதுல ஏதாவது போடுங்க."

அர்ச்சுனன் நோட்டைப் புரட்டினான். மூன்றாவது கியர் நூற்றுப் பதினைந்தில் முடிகிறது. நான்காவது நூற்று இருபத்தைந்தில் தொடங்குகிறது. நூற்று இருபதில் ஒரு பாட்டும் இல்லை. எட்டு வருசத்தில் ஒருத்தரும் அந்த வேகத்தில் பாட்டுக் கேட்டதில்லை. காதலிக்க அது அதிகம், குத்துக்கு அது போதாது. அவன் மூன்று நாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நூற்று இருபதில் ஒரு மேளக்கட்டு தயார் செய்தான். நான் அதைக் கேட்டபடியே கடைக்குப் போய் வந்தேன், போலீஸ்காரன் என்று நினைத்து வழியில் இரண்டு பேர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள்.

வரவேற்பு பென்னாகரம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். ராஜப்பன் முதல் வரிசையில், விளையாட்டு விழாவுக்கு வந்த தலைமை விருந்தினர் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் ஒட்டியிருந்தன. அவர் அக்கா ராமக்காள், மாப்பிள்ளையின் அம்மா, பட்டுப் புடவையில் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் இலை பற்றாது என்ற கவலை அவருக்கு. தேவிப்பிரியா மேடைக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அர்ச்சுனன் அருமையாக ஆரம்பித்தான். முதல் கியரில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாவதில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். மூன்றாவதில் ஆனேக்கல் சொந்தக்காரர்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பெரியவர் வந்து, "ஸ்வல்ப நிதானவாகி ஹாக்ரி" என்று கொஞ்சம் மெதுவாகப் போடச் சொன்னார். நூற்று எட்டிலிருந்து நூற்று ஆறுக்கு இறக்கினான். அவர் திருப்தியாகத் திரும்பிப் போனார். பிறகு நூற்றுப் பத்து, நூற்றுப் பதினாலு என்று யாருக்கும் தெரியாமல் ஏற்றிக்கொண்டே போய், ஏழரை மணிக்குச் சரியாக நூற்று இருபதைத் தொட்டான். மூன்று நாள் உழைப்பு ஸ்பீக்கரில் வந்தது. தட், தட், தட், தட்.

நாங்கள் இருவரும் முதல் வரிசையைப் பார்த்தோம். நாற்காலி காலியாக இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை ஒழுங்காக இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதர் விசிலோடு கிளம்பிப் போய்விட்டார். அங்கே அவர் விசில் சத்தம் கேட்கிறது, இங்கே எங்கள் நூற்று இருபது யாருக்கும் பயனில்லாமல் ஓடுகிறது. ஆனேக்கல்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்த ஜாதியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"அண்ணா, என்னாண்ணா சொதசொதன்னு ஓடுது. குத்து போடுங்கண்ணா" என்றான் ஒருவன்.

அர்ச்சுனனுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. ராஜப்பன் திரும்பி வந்து உட்கார்ந்ததையும் கவனிக்கவில்லை. நூற்று இருபதிலிருந்து நூற்று ஐம்பதுக்குப் போக, வழக்கமாகப் போடும் பம்பைச் சத்தத்தைப் போட்டான். மாரியம்மன் பண்டிகையில் அடிப்பார்களே, அதே பம்பை. பெங்களூர்க் கல்யாணங்களில் இதைப் பத்துத் தடவை போட்டிருக்கிறான், அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் இது பென்னாகரம். ராமக்காள் மேல் வருசா வருசம் அம்மன் வருவது சுற்றுப்பட்டில் தெரியாதவர்கள் இல்லை. அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் மட்டும் தெரியவில்லை.

பம்பை நூற்று முப்பதைத் தாண்டியபோது ராமக்காள் கையிலிருந்த சந்தனக் கிண்ணம் கீழே விழுந்தது. நூற்று நாற்பதில் கொண்டை அவிழ்ந்தது. நூற்று ஐம்பதில், மண்டபத்தின் நடுவில், மாப்பிள்ளையின் அம்மா சாமியாடிக்கொண்டிருந்தார்.

உள்ளூர்க்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஆனேக்கல்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள். வீடியோக்காரன் விளக்கை அந்தப் பக்கம் திருப்பினான்.

"எவண்டா என்னைய கூப்புட்டது?" என்றாள் அம்மன்.

மண்டபம் முழுக்க எங்களைப் பார்த்தது. அர்ச்சுனன் மெஷினுக்குப் பின்னால் நின்று கையைக் கூப்பினான்.

"நாந்தாம்மா. தெரியாம கூப்புட்டுட்டேன்."

நான் மெயின் சுவிட்சைப் பிடுங்கப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான். அவன் செய்தது சரிதான். சாமி வந்திருக்கும்போது மேளத்தைச் சட்டென்று நிறுத்தினால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பண்டிகையில் பம்பைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்கள். பிறந்த வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் திருநீறு எடுத்து வந்து மலையேற்ற வேண்டும். பிறந்த வீட்டு ஆண்பிள்ளை என்றால் அங்கே ராஜப்பன் ஒருவர்தான்.

அவர் திருநீற்றுத் தட்டோடு ஓடி வந்தார். அம்மன் தட்டை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே அவரை இழுத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினாள். நூற்று ஐம்பது வேகம். மாஸ்டரின் கால்கள் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டன. சுற்றி எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் தலையைத் திருப்பி, "இது கணக்குல வராது" என்று சொல்லிக்கொண்டே போனார். நிபந்தனை நிபந்தனைதான். கையைப் பிடித்து இழுத்தால் செல்லாது, இழுப்பது அம்மனாகவே இருந்தாலும்.

அர்ச்சுனன் வேகக் குமிழில் கையை வைத்தான். இவ்வளவு பொறுமையாக அவன் மினிபஸ்ஸை ஓட்டியிருந்தால் நான் இன்னும் கண்டக்டராக இருந்திருப்பேன். நூற்று நாற்பத்தாறு. நூற்று நாற்பது. தேவிப்பிரியா அத்தையின் பக்கத்தில் போய், கூடவே சுற்றியபடி, அவர் இன்னொரு கையின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள். எங்களைப் பார்த்து, இன்னும் இறக்கு என்று கண்ணால் காட்டினாள். நூற்று முப்பத்துநாலு. நூற்று இருபத்தெட்டு. அந்த இடத்தில் அம்மன் ராஜப்பனின் கையை விட்டுவிட்டாள்.

மேளம் நூற்று இருபதுக்கு இறங்கியது.

ராஜப்பன் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் தட்டு இல்லை, யாரும் பிடித்திருக்கவில்லை. முதலில் இடது குதிகால் தரையைத் தட்டியது. பிறகு வலது. அவர் குனிந்து காலைப் பார்த்தார், அது யாருடைய கால் என்று பார்ப்பவர் போல. அடுத்த அடியில் முட்டி உயர்ந்தது. கை விறைத்து, தோள் உயரத்துக்கு வீசியது. லெப்ட், ரைட், லெப்ட். மண்டபத்தைச் சுற்றி மாஸ்டர் கிளம்பிவிட்டார்.

"கோவிந்தா, நடக்கறாரு" என்றான் அர்ச்சுனன்.

ஆனால் தேவிப்பிரியா இன்னும் இறக்கு என்று காட்டிக்கொண்டிருந்தாள். ராமக்காளுக்கு மூச்சு வாங்குகிறது. நூற்று இருபதிலேயே நின்றால் அப்பா ஆடுவார், அத்தை விழுந்துவிடுவார். இறக்கினால் அத்தை பிழைப்பார், அப்பா நாற்காலிக்குப் போய்விடுவார், பெண்ணும் போய்விடும். அர்ச்சுனனின் முகத்தில் வேர்வை கொட்டியது. எட்டு வருசத்தில் அவனை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது.

சட்டென்று இரண்டாவது தட்டில் ஒரு அம்மன் தாலாட்டை எடுத்தான். நிமிசத்துக்கு அறுபது அடி. நூற்று இருபதில் பாதி. இரண்டு அடிக்கு ஒரு அடி சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒன்றோடொன்று இடிக்காது. லேப்டாப் இத்தனை நாள் எங்களை ஏமாற்றிய அதே பாதிக் கணக்குதான். மேளத்தை அடியில் அப்படியே ஓடவிட்டு, சத்தத்தை மட்டும் குறைத்தான். மேலே தாலாட்டைத் தூக்கினான். ராமக்காள் தாலாட்டைப் பிடித்துக்கொண்டு, அறுபதில் அசைந்து, அசைந்து, தம்பி மகள் தோளில் சாய்ந்தார். ராஜப்பன் மேளத்தைப் பிடித்துக்கொண்டு நூற்று இருபதில் போய்க்கொண்டே இருந்தார். ஒரே பாட்டு, இரண்டு கியர். இப்படி ஒரு வண்டியை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை.

ஆனேக்கல்காரர்கள் விட்டுவிடுவார்களா? இதுதான் தமிழ்நாட்டு ஆட்டம் என்று முடிவு கட்டி, வரிசையாக மாஸ்டருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளையின் நண்பர்களும் சேர்ந்தார்கள். ஐம்பது பேர் கைவீசி மண்டபத்தைச் சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையிலிருந்து இறங்கி வந்து பின்னால் நின்றார்கள்.

ராமக்காள் கண்ணைத் திறந்தார்.

"எலை பத்துச்சா?" என்று கேட்டார்.

பத்தும் அத்தை என்றாள் தேவிப்பிரியா. அம்மன் மலையேறிவிட்டாள் என்று எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனால் ராஜப்பன் நிற்கவில்லை. அவருக்கு நிற்கத் தெரியவில்லை. முப்பது வருசம் நில் என்று சொன்ன பிறகுதான் நின்று பழக்கம், சொல்கிறவர் எப்போதும் அவராகவே இருந்திருக்கிறார். நாலாவது சுற்றில் எங்களைத் தாண்டும்போது கண்ணால் கெஞ்சினார். தேவிப்பிரியா எங்கள் மைக்கை எடுத்தாள்.

"அணி... நில்" என்றாள்.

தட், தட். ஐம்பது பேரோடு மாஸ்டர் நின்றார். அர்ச்சுனன் பாட்டை இறக்கினான்.

ராஜப்பன் சட்டையைச் சரி செய்துகொண்டு எங்களிடம் வந்தார்.

"நா ஆடல. அது அணிவகுப்பு" என்றார்.

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த விசிலைப் பிடுங்கி ஜெனரேட்டருக்குள் போட்டிருப்பேன். அதற்குள் ராமக்காள் கொண்டையை முடிந்தபடி எழுந்து வந்தார்.

"ஏன்டா ராஜப்பா, நா ஆடுனேன்னா எம் மேல ஆத்தா வந்தா. உம் மேல யாருடா வந்தது?"

ஆனேக்கல் பெரியவர் பின்னாலிருந்து வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆட்டம் பிரமாதம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். ராஜப்பன் குனிந்து தன் காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைக்குள் போட்டார்.

"ஞாயித்துக்கெழம வூடு பாக்க வரோம். செருப்ப எங்க வுடணும்னு கோடு போட்டு வச்சிருக்கச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார்.

வைகாசியில் கல்யாணம். அதில் ஒரே ஒரு கஷ்டம்தான். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது மெஷினை யார் பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்றேன். ஒயர் பார்க்கிறவன் ஒயரைப் பாரு என்று சொல்லிவிட்டு ராஜப்பனே வந்து மெஷினுக்கு முன்னால் நின்றார். வேகக் குமிழை நூற்று இருபதில் வைத்து, அதன் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டார். சாமி பாட்டு வந்தது, நூற்று இருபது. காதல் பாட்டு வந்தது, அணில் குரலில் நூற்று இருபது. குத்துப் பாட்டு ஜலதோசத்தோடு நூற்று இருபது. ஒரு தாலாட்டும் வந்தது, அதைக் கேட்டு எந்தக் குழந்தையும் வாழ்க்கையில் தூங்கியிருக்காது. பந்தியில் பரிமாறியவர்கள் ஒரே சீராக நடந்தார்கள், ஒரு சொட்டு சாம்பார் சிந்தவில்லை.

மணவறையில் அர்ச்சுனன் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் நான் அன்று முன்னால் வந்து நின்றேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் விரல், அங்கே இல்லாத குமிழைத் திருகியது. தாலி கட்டி முடித்து, கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றி வரச் சொன்னார் ஐயர். பெண்ணின் கையை மாப்பிள்ளைதான் பிடிக்க வேண்டும். ஆனால் தேவிப்பிரியாவின் இரண்டு விரல், பழக்க தோசத்தில், அவன் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. மூன்று சுற்றும் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே வந்தாள்.

"எவ்ளோ?" என்று கேட்டான் அர்ச்சுனன்.

"நூத்தி இருவது" என்றாள். "அப்பாகிட்ட சொல்லிறாதீங்க. அப்பறம் அந்த டேப்ப எடுக்கவே மாட்டாரு."